செப்டிக் ஷாக்: தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிதாக வருபவருக்கு

மானிட்டரை அண்ணாந்து பார்க்கும் முன் போர்வையை விலக்கி நோயாளியின் முழங்காலைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்கிறதா? முட்டியைச் சுற்றிக் கருநீலத் திட்டுகள் வலை பின்னியதுபோலப் படர்ந்திருக்கின்றனவா? அப்படியென்றால் மானிட்டர் மேல் அழுத்தம் 100 என்று காட்டினாலும் நிம்மதி அடைய வேண்டாம். திசுக்களுக்கு ரத்தம் போய்ச் சேரவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் முதல் சில மாதங்களில் இருக்கும் இளம் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வயதுவந்தவர்களைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. உங்கள் பிரிவுக்கென்று எழுதிவைத்த நடைமுறை இருந்தால் மருந்தளவுகளில் அதைத்தான் பின்பற்ற வேண்டும். இன்னொன்று, ஷாக் என்ற சந்தேகம் எழுந்ததுமே மூத்த மருத்துவரை அழைத்துவிடுங்கள். பரிசோதனை முடிவுகள் எல்லாம் கைக்கு வரட்டும், பிறகு அழைக்கலாம் என்று காத்திருப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. நானும் செய்திருக்கிறேன்.

எதை ஷாக் என்கிறோம்

கிருமித் தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறிப்போய் உடலின் உறுப்புகளையே சேதப்படுத்தும் நிலை செப்சிஸ். 2016-ல் வகுத்த வரையறைப்படி அதனுடன் இரண்டு நிபந்தனைகள் சேர்ந்தால் செப்டிக் ஷாக். போதிய திரவம் ஏற்றிய பிறகும் சராசரி ரத்த அழுத்தத்தை 65 மி.மீ. பாதரச அளவில் நிறுத்த, ரத்தக்குழாய்களைச் சுருக்கும் மருந்து தேவைப்பட வேண்டும். ரத்தத்தில் லாக்டேட் (திசுக்கள் தவிக்கும்போது கூடும் பொருள்) லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் இருக்க வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் மருத்துவமனையிலேயே இறந்துவிடுகிறார்கள்.

நோய்க்குப் பெயர் வைக்கத்தான் இந்த வரையறை. அது முழுசாகப் பொருந்தட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. மூச்சு நிமிடத்துக்கு 22-ஐத் தாண்டுவது, நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று உளறுவது, 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மி.லி. சிறுநீர்கூட வராதது இவையெல்லாம் ரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே தெரியக்கூடியவை. ஆரம்பக் கட்டத்தில் கை கால் வெதுவெதுப்பாகவும், நாடி துள்ளலாகவும் இருக்கலாம். அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

சராசரி அழுத்தத்தை மனக்கணக்காகவே போடப் பழகுங்கள். கீழ் அழுத்தத்தை இரண்டால் பெருக்கி, மேல் அழுத்தத்தைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் போதும். 92/40 என்றால் 57தான். "தொண்ணூறுக்கு மேல்தானே இருக்கிறது" என்று பலர் விட்டுவிடும் இடம் இது. இதில் நான் முதலில் பார்ப்பது அந்த 40-ஐத்தான். கீழ் அழுத்தம் அவ்வளவு இறங்கியிருந்தால் குழாய்கள் தளர்ந்துவிட்டன என்று பொருள். சலைன் மட்டும் ஏற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

முதல் பத்து நிமிடம்

ஆக்சிஜன், பெரிய அளவு கேனுலா (நரம்பில் செருகும் மெல்லிய குழாய்) இரண்டு, விரல் நுனியில் சர்க்கரை, ரத்தவாயுப் பரிசோதனையோடு லாக்டேட். சர்க்கரையை மறக்கவே கூடாது. செப்சிஸில் அது அதலபாதாளத்துக்கு இறங்குவதுண்டு. மயக்கத்துக்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.

ரத்தக் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) இரண்டு தொகுதி, இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து, ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. வரை எடுங்கள். இரண்டு மி.லி. விட்டு அனுப்பிவிட்டு மூன்று நாள் கழித்து "கிருமி வளரவில்லை" என்ற முடிவைப் பார்த்து வருந்திப் பயனில்லை. நரம்பு கிடைக்காமல் தேடிக்கொண்டே நேரம் போகிறதென்றால் கல்ச்சரை விட்டுவிட்டு மருந்தைக் கொடுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் அதற்காகத் தாமதிப்பது நியாயமில்லை.

கைவசம் எக்கோ (இதயத்தை ஸ்கேன் செய்யும் கருவி) இருந்தால் இப்போதே இதயத்தை ஒருமுறை பாருங்கள். காய்ச்சலும் தாழ்ந்த ரத்த அழுத்தமும் சேர்ந்தால் செப்சிஸ்தான் என்று மனம் முடிவு கட்டிவிடும். மாரடைப்பு, நுரையீரல் தமனி அடைப்பு, இதயத்தைச் சுற்றித் தேங்கிய நீர், உள்ளே மறைவாகக் கசியும் ரத்தம், அட்ரினல் சுரப்பி செயலிழப்பு எல்லாம் இதே வேடத்தில் வரும்.

ஆன்டிபயாடிக்: எழுதிய நேரமும் ஏறிய நேரமும்

ஷாக் என்று தெரிந்ததிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், அழுத்தம் விழுந்த முதல் ஆறு மணி நேரத்தில் ஒவ்வொரு மணி நேரத் தாமதத்துக்கும் பிழைப்போர் விகிதம் சராசரியாக 7.6 சதவீதம் குறைந்தது. பழைய பதிவேடுகளைப் புரட்டிச் செய்த ஆய்வு என்பதால் அந்த எண்ணைப் பற்றி வாதம் செய்யலாம். ஷாக்கில் இருப்பவருக்குத் தாமதம் கெடுதல் என்பதில் வாதமில்லை.

நான் பயிற்சியில் இருந்தபோது நடந்தது இது. ஒரு பெண்மணிக்குச் சிறுநீரகத் தொற்றிலிருந்து ஷாக். 1.10-க்கு மருந்தை எழுதிவிட்டு, கடமை முடிந்தது என்று அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். 2.40-க்குத் திரும்பி வந்து, "சிஸ்டர், மெரோபெனம் எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?" என்று கேட்டேன்.

"இரண்டு லைனிலும் சலைன் ஓடுகிறது, டாக்டர். பாட்டில் முடிந்ததும் போடலாம் என்று வைத்திருக்கிறேன்."

தப்பு அவருடையது அல்ல. அவசரம் என்று நான் வாய்திறந்து சொல்லவே இல்லை. அன்றிலிருந்து முதல் டோஸ் மருந்து ஊசியில் கரைந்து, கேனுலாவுக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்க்காமல் நான் படுக்கையை விட்டு நகர்வதில்லை.

எந்த மருந்து என்பது எங்கிருந்து தொற்று வந்தது, முந்தைய கல்ச்சரில் என்ன வளர்ந்தது, அண்மையில் மருத்துவமனையில் இருந்தாரா, உங்கள் பிரிவில் எந்தக் கிருமி எதற்கு மசியாது என்பதையெல்லாம் பொறுத்தது. ஒவ்வாமை உண்டா என்று உறவினரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டு மருந்து கொடுக்க வேண்டுமென்றால் சில நிமிடங்களில் செலுத்திவிடக்கூடிய பீட்டாலாக்டம் வகை முதலில். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்ற வேண்டிய வேன்கோமைசின் பிறகு. சிறுநீரகம் கெட்டிருக்கிறதே என்று முதல் டோஸைக் குறைக்காதீர்கள். உடலில் நீர் பரவும் இடம் விரிந்திருப்பதால் மருந்து நீர்த்துப்போகும். குறைப்பதை அடுத்தடுத்த டோஸ்களில் பார்த்துக்கொள்ளலாம்.

திரவம்: எவ்வளவு, எப்போது நிறுத்துவது

முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மி.லி. என்பது சர்வதேச வழிகாட்டுதல். 60 கிலோவுக்கு 1,800 மி.லி. இதை ஒரே மூச்சில் ஏற்றும் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 250 அல்லது 500 மி.லி. வேகமாகக் கொடுங்கள். பிறகு படுக்கையருகே போய் நின்று பாருங்கள். நாடி குறைந்ததா, அழுத்தம் ஏறியதா, விரல் சிவந்ததா, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த பாட்டில். இதய நோயாளி, டயாலிசிஸ் நோயாளி என்றதும் சிலர் பயந்து திரவமே கொடுப்பதில்லை. அவர்களுக்கும் வேண்டும்; சிறு சிறு தவணைகளாக.

எந்தத் திரவம்? ரிங்கர் லாக்டேட் போன்ற சமநிலைத் திரவங்கள் நல்லது. சாதாரண சலைனில் குளோரைடு அதிகம். லிட்டர் கணக்கில் ஏறினால் ரத்தம் அமிலமாகும். பெயரில் லாக்டேட் இருப்பதால் ரிங்கர் கொடுத்தால் லாக்டேட் ஏறிவிடும் என்று ஒரு பழைய பயம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நடைமுறையில் அது பொருட்படுத்தத்தக்கதல்ல. ஸ்டார்ச் கலந்த திரவங்கள் சிறுநீரகத்தைக் கெடுப்பவை, தொட வேண்டாம்.

முதல் தவணைகளுக்குப் பிறகு இன்னும் வேண்டுமா என்பதற்குக் காலைத் தூக்கிப் பார்க்கும் சோதனை உண்டு. தலைமாட்டை 45 பாகை உயர்த்திப் படுக்கவைத்திருக்கும் நோயாளியை, கட்டிலின் விசையைப் பயன்படுத்தித் தலை தட்டையாக, கால் 45 பாகை மேலே வருமாறு சாய்க்க வேண்டும். காலிலும் வயிற்றிலும் தங்கிய ரத்தம் சுமார் 300 மி.லி. இதயத்துக்கு வரும். ஒரு நிமிடத்துக்குள் இதயம் வெளியேற்றும் ரத்தம் 10 சதவீதமாவது கூடினால் திரவம் பலன் தரும். அதை எக்கோவிலோ அதற்கான கருவியிலோ அளக்க வேண்டும். ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்தால் தவறாகப் போகலாம். கையால் காலைப் பிடித்துத் தூக்கினால் வலியிலேயே நாடி ஏறிவிடும், சோதனை வீண்.

2022-லும் 2023-லும் இரண்டு பெரிய ஆய்வுகள், தொடக்கத் திரவத்துக்குப் பிறகு தாராளமாகக் கொடுப்பதையும் கட்டுப்படுத்திக் கொடுப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தன. இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே 'தாராளக் கட்சி', 'சிக்கனக் கட்சி' இரண்டிலும் சேர வேண்டியதில்லை. இந்த நோயாளிக்குக் கடைசியாக ஏற்றிய 250 மி.லி. பலன் தந்ததா என்பதுதான் கேள்வி. பலன் இல்லை, ஆக்சிஜன் தேவையும் கூடுகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

விரல் நுனிச் சோதனை

ஆட்காட்டி விரலின் நுனிச் சதையைக் கண்ணாடிச் சில்லால் வெளுக்கும்வரை அழுத்தி, பத்து நொடி பிடித்து, விடுங்கள். பழைய நிறம் திரும்ப மூன்று நொடிக்கு மேல் ஆனால் கோளாறு. கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். மனத்துக்குள் எண்ணினால் அவசரத்தில் நொடிகள் சுருங்கிவிடும். அறை குளிர்ந்திருந்தால் விரலும் குளிர்ந்திருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

2019-ல் வந்த ஓர் ஆய்வு, இந்த விரல் நுனியை அரைமணிக்கு ஒருமுறை பார்த்துச் சிகிச்சை கொடுத்ததையும், இரண்டு மணிக்கு ஒருமுறை லாக்டேட் பார்த்துக் கொடுத்ததையும் ஒப்பிட்டது. விரல் எந்த வகையிலும் தாழ்ந்துபோகவில்லை. லாக்டேட் மெதுவாகத்தான் இறங்கும். கல்லீரல் கெட்டிருந்தாலும், வலிப்பு வந்திருந்தாலும், அட்ரினலின் ஓடிக்கொண்டிருந்தாலும் அது ஏறியே இருக்கும். விரல் சிவந்து, சிறுநீர் இறங்கி, நினைவு தெளிந்த ஒருவருக்கு லாக்டேட் 3 இருக்கிறதே என்று இன்னொரு லிட்டர் ஏற்றாதீர்கள்.

நார்அட்ரினலின்

ரத்தக்குழாய்களைச் சுருக்கும் மருந்துகளில் முதல் மருந்து இதுதான். டோபமின் கொடுத்துப் பழகியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2010-ல் வெளியான ஒப்பீட்டில் டோபமின் கொடுத்தவர்களுக்கு இதயத்துடிப்புக் கோளாறு கூடுதலாக வந்தது. அதன் காலம் போய்விட்டது.

1,800 மி.லி. முடியட்டும், பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். திரவம் ஓடும்போதே தொடங்கலாம். சென்ட்ரல் லைன் (இதயத்துக்கு அருகே உள்ள பெரிய நரம்புவரை செலுத்தும் குழாய்) போடும்வரை முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ உள்ள நல்ல பெரிய நரம்பில் சிறிது நேரம் கொடுக்கலாம். ஊசி இறங்கிய இடத்தை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். வெளுப்போ வீக்கமோ வலியோ தெரிந்தால் மருந்தை உடனே வேறு லைனுக்கு மாற்றுங்கள்; பழைய கேனுலாவைப் பிடுங்கிவிடாமல், அதன் வழியாகவே கசிந்ததை உறிஞ்சி எடுங்கள். ஃபென்டோலமைன் இருந்தால் அந்த இடத்தைச் சுற்றிப் போட வேண்டும்.

பம்ப் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். 50 மி.லி. ஊசியில் 4 மி.கி. கரைத்தால் ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். 60 கிலோ நோயாளிக்கு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் என்றால் நிமிடத்துக்கு 6, மணிக்கு 360 மைக்ரோகிராம். 80-ஆல் வகுத்தால் மணிக்கு 4.5 மி.லி. ஆம்பூலின் லேபிளையும் படியுங்கள்: சில நிறுவனங்கள் டார்ட்ரேட் உப்பின் எடையை அச்சிடும், சில நார்அட்ரினலினின் எடையையே அச்சிடும். உப்பில் 2 மி.கி. என்பது மருந்தில் 1 மி.கி. இதைக் கவனிக்காவிட்டால் டோஸ் பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆகிவிடும்.

ஊசி தீரும் நேரம் ஆபத்தானது. மாற்றுவதற்கு எடுக்கும் ஒரு நிமிடத்தில் அழுத்தம் 40-க்கு இறங்கிவிடலாம். அடுத்த ஊசியைப் பதினைந்து நிமிடம் முன்பே கரைத்து, இரண்டாவது பம்பில் ஏற்றித் தயாராக வையுங்கள்.

சராசரி அழுத்தத்துக்கு இலக்கு 65. பல ஆண்டுகளாக ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு 80, 85 என்று வைத்துப் பார்த்த 2014 ஆய்வில் டயாலிசிஸ் தேவை அவர்களுக்குக் குறைந்தது, ஆனால் இதயத்துடிப்பு தாறுமாறாவது கூடியது, இறப்பு மாறவில்லை. சிறுநீர் வராத பழைய கொதிப்புக்காரர்களுக்கு மட்டும் சில மணி நேரம் ஏற்றிப் பார்ப்பேன். பலன் இல்லையென்றால் இறக்கிவிடுவேன்.

நார்அட்ரினலின் டோஸ் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மைக்ரோகிராமைத் தாண்டும்போது (மேலே சொன்ன கணக்கில் மணிக்கு சுமார் 11 மி.லி.) குழாய்களைச் சுருக்கும் இன்னொரு மருந்தான வாசோபிரெசினைச் சேர்க்க வேண்டும். நிமிடத்துக்கு 0.03 யூனிட், ஏற்றி இறக்காமல் ஒரே அளவாக. நான்கு மணி நேரமாகியும் 0.25-க்குக் கீழே வர முடியவில்லை என்றால் ஹைட்ரோகார்ட்டிசோன், ஆறு மணிக்கு ஒருமுறை 50 மி.கி. ஷாக் சீக்கிரம் விலக அது உதவும். உயிரைக் காக்குமா என்பதில் 2018-ல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் இரண்டு விதமாகச் சொன்னதால், அதைக் கொடுத்துவிட்டோம் என்று யாரும் ஓய்ந்துவிடக் கூடாது. இதயமே பலவீனமாகத் துடிக்கிறது என்று எக்கோ காட்டினால் டோபுடமின் அல்லது அட்ரினலின்.

எண் தவறாக இருக்கலாம் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஆர்ட்டீரியல் லைனின் (தமனிக்குள் போட்ட குழாயின்) அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசர், மார்பில் நான்காம் விலா இடைவெளியும் அக்குளின் நடுக்கோடும் சந்திக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். அது 10 செ.மீ. கீழே தொங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 7 மி.மீ. கூடுதலாகக் காட்டும். கட்டிலை ஏற்றியவர் டிரான்ஸ்டியூசரை ஏற்ற மறந்தால், 58-ல் இருப்பவர் 65-ல் இருப்பதாகத் தெரியும்.

சீழ் எங்கே இருக்கிறது

கல் அடைத்த சிறுநீரகம், அடைபட்ட பித்தக்குழாய், ஓட்டை விழுந்த குடல், அழுகிவரும் சதை, பத்து நாள் பழைய சென்ட்ரல் லைன்: இவற்றில் எதுவாக இருந்தாலும் வடிக்காமல், வெட்டாமல், பிடுங்காமல் மருந்து மட்டும் வேலை செய்யாது. "நிலைமை கொஞ்சம் சீராகட்டும், பிறகு அறுவை அரங்குக்கு அனுப்பலாம்" என்பது கேட்க நியாயமாகவே தோன்றும். ஆனால் சீழ் உள்ளே இருக்கும்வரை சீராகாதவர்கள் உண்டு. நோயாளியை நகர்த்தும் அளவுக்குத் தேற்றிவிட்டு, முதல் சில மணி நேரங்களுக்குள்ளேயே அறுவை மருத்துவரிடம் பேசிவிடுங்கள். சதை அழுகல் என்றால் அந்தச் சில மணி நேரம்கூட இல்லை. உடல் முழுவதையும் திருப்பிப் பாருங்கள். முதுகின் கீழும் ஆசனவாயைச் சுற்றியும் பார்க்காமல் விட்டது எத்தனையோ முறை விடையாக இருந்திருக்கிறது.

மூச்சுக்குழாய் போடும்போது

ஷாக்கில் இருப்பவரை மயக்கி மூச்சுக்குழாய் போடும் அந்த ஐந்து நிமிடத்தில் இதயம் நின்றுவிடலாம். நார்அட்ரினலின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கேட்டமின் போன்ற மயக்கமருந்து குறைந்த அளவில் இருக்க வேண்டும், குழாய் போடுபவர் அங்கிருப்பவர்களில் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும். பிறகு வென்டிலேட்டரில் மூச்சளவு கிலோவுக்கு 6 மி.லி.; அந்தக் கிலோ உயரத்தை வைத்துக் கணக்கிடுவது, எடைமேடை காட்டுவது அல்ல.

மற்றவை சுருக்கமாக: சர்க்கரை 180 மி.கி.யைத் தொட்டால் இன்சுலின்; ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் ரத்தம்; ரத்தக்கசிவு அபாயம் இல்லையென்றால் கால் நரம்பில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின்; முதல் மூன்று நாளுக்குள் குழாய்வழி உணவு. வைட்டமின் சி வேண்டாம்.

ஆறு மணி நேரமாகியும் சரியாகவில்லையென்றால்

பம்பின் எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே போகாமல் முதலிலிருந்து தொடங்குங்கள். செப்சிஸ்தானா? கிருமிக்குப் பொருத்தமான மருந்தா, பூஞ்சையாக இருக்குமா? வடிக்காத சீழ் எங்காவது உண்டா? லைன் கழன்றிருக்கிறதா? எக்கோவை மறுபடி பார்த்தீர்களா? காலையில் நன்றாகத் துடித்த இதயம் மாலையில் தளர்ந்திருக்கலாம்.

வெளியே காத்திருப்பவர்களிடம் இந்த நேரத்தில் பேச வேண்டும். "அம்மா, உங்கள் வீட்டுக்காரர் மிகவும் ஆபத்தான நிலையில் இருக்கிறார். தொற்று ரத்தத்தில் பரவி, அழுத்தம் இறங்கிவிட்டது. மருந்து கொடுத்துத்தான் நிறுத்திவைத்திருக்கிறோம். அவர் இறந்துபோகவும் வாய்ப்பு இருக்கிறது" என்று உட்கார்ந்து, நேராகச் சொல்லுங்கள். 'சீரியஸ்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அவர்களுக்கு எதுவும் புரிவதில்லை. எந்த அளவு சிகிச்சையை நோயாளி விரும்பியிருப்பார் என்ற பேச்சும் இங்கேதான் தொடங்குகிறது.

இறங்கும் பாதை

அழுத்தம் நின்றுவிட்டால் நார்அட்ரினலினைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் விரல் நுனியைப் பாருங்கள். 75, 80 என்று நன்றாக இருக்கிறதே என்று அப்படியே ஓடவிடுவதும் தவறுதான். தேவையில்லாத மருந்து உறுப்புகளுக்குச் சுமை. இரண்டாம் மூன்றாம் நாளில் கல்ச்சர் முடிவு வரும்போது பரந்த ஆன்டிபயாடிக்கைக் குறுகியதாக்கலாம். பலரும் இதைத் தைரியம் இல்லாமல் தள்ளிப்போடுகிறார்கள். ஏற்றிய நீரை வெளியேற்றும் வேலையும் இப்போதுதான். வீங்கிய கையும் காலும் அதை நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும்.

பணி மாறும்போது அடுத்தவரிடம் "பெட் ஏழு, செப்டிக் ஷாக், பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். முதல் ஆன்டிபயாடிக் ஏறிய மணி, இதுவரை ஏறிய திரவம், நார்அட்ரினலின் நான்கு மணி நேரத்துக்கு முன் எவ்வளவு, இப்போது எவ்வளவு, கடைசி லாக்டேட், விரல் நுனி எத்தனை நொடி, சீழுக்கு என்ன செய்தோம், குடும்பத்திடம் என்ன சொன்னோம் என்ற ஏழையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். பிறகு இருவருமாகப் படுக்கையருகே போய், பம்பில் ஓடும் எண்ணைச் சேர்ந்து படித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.